மழை நாட்களில் மகனுக்கு எழுதியது

அப்புத்தளை

அன்புள்ள மகனுக்கு,

அம்மாவும் தங்கச்சியும் நலம். சித்தப்பா வீட்டுக் கூரைத் தகரம் இன்னும் மாற்றப்படவில்லை. அதை நேரில் பேசிக்கொள்வோம். அந்த மழை இரவுக்குப் பிறகு நீ அம்மாவுடன் மட்டும் பேசிவிட்டு அழைப்பைத் துண்டித்துவிடுவதால் இதை எழுதுகிறேன்.

அன்று வாட்ஸ்அப்பில் வந்த சிங்கள மண்சரிவு எச்சரிக்கை அறிவித்தலில் எழுத்து விளங்காவிட்டாலும் சிவப்பு நிறம் விளங்கியபடியால், கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தோட்டத்துச் சனம் முழுவதும் கைக்குழந்தைகளோடு இருட்டில் பாடசாலைக்கு ஏறியது. மூலை வீட்டுப் பாட்டியை நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். விடிந்த பின் கிராம உத்தியோகத்தர் வந்து, அது டித்வா புயலின்போது, 2025 நவம்பரில், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுத்த அறிவித்தல் என்றும், திகதி இருந்த மேற்பகுதி வெட்டப்பட்டிருக்கிறது என்றும், அன்றிரவு எங்கள் பிரிவுக்கு மஞ்சள் மட்டுமே என்றும் சொன்னார். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு, சிவப்புக்குத்தான் வெளியேற வேண்டும் என்று எங்கள் குழுவில் முதன்முதலில் விளக்கி எழுதியவன் நீ. அதை நான் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் எத்தனை பேருக்கு வாசித்துக் காட்டினேன் என்பது உனக்குத் தெரியும்.

படத்தை முதலில் அனுப்பியது யார் என்று நான் எவரிடமும் கேட்கவில்லை. கோயில் குழுவுக்கு வந்தபோது, பலமுறை கைமாறியதைக் காட்டும் இரட்டை அம்புக்குறி அதன் மேல் இருந்தது. நம் குடும்பக் குழுவில் வந்ததில் எந்த அம்புக்குறியும் இருக்கவில்லை. இதற்கு மேல் எழுத விரும்பவில்லை. கொழும்பில் இருக்கும் படித்த பிள்ளை சொன்னால், கிராம உத்தியோகத்தர் சொல்வதைவிட விரைவாக இங்கே நம்பிவிடுகிறார்கள்.

அவர்கள் பயந்து ஏறியதை நான் குறை சொல்லவில்லை. கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரியும் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தும், போக வேறு வீடில்லாத சனம் அங்கேயே இருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. இப்போது கீழ் லயத்தில், இனிச் சிவப்பு வந்தாலும் அசையப் போவதில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். எனக்கு நித்திரை இல்லாதது அந்தப் பேச்சினால்தான்.

ஆகவே திகதியைப் பார். எந்தப் பிரதேச செயலாளர் பிரிவுக்கு என்று பார். நிறுவனத்தின் இணையத்தளத்தில் அதே அறிவித்தல் இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்துக் கேட்டபின் அனுப்பு. திகதியில்லாத எதையும் அனுப்பாதே.

அந்த அறிவித்தல் பழையது என்று குழுவில் நீயே எழுது. நான் எழுதினால் வயதானவர் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிடுவார்கள். நீ எழுதினால் வாசிப்பார்கள். மழை இன்னும் விடவில்லை என்பதால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் எழுதிவிடு. அடுத்தமுறை அம்மா பேசி முடித்ததும் போனை என்னிடமும் கொடுக்கச் சொல்.

அன்புடன்,
அப்பா