உமியை ஒரு பிடி அள்ளிப் பார், அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ அழுத அழுகையில் பாதி விஷயத்தைச் சொல்லவே முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அப்பா இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். நாலு வாரக் கோழிக்குஞ்சுகள் இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் ஒட்டி நிற்கின்றன, எச்சத்தில் ரத்தம். இது ரத்தக்கழிச்சல்தான். டாக்டர்கள் காக்சிடியோசிஸ் என்பார்கள். இருந்தாலும் என் கண்ணை மட்டும் நம்பாதே. அடுத்து ஒன்று செத்தால் உடனே பையில் போட்டு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போ. அறுத்தால் குருட்டுக்குடல் இரண்டும் ரத்தம் கட்டி வீங்கியிருப்பது தெரிந்துவிடும். வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தாலோ, கழுத்து திருகினாலோ அது ராணிக்கெட் என்கிற வைரஸ் நோயாக இருக்கலாம். அதற்கு நான் கீழே சொல்லும் மருந்து ஆகாது.

பூச்சி மருந்து கொடுக்கட்டுமா என்று கேட்டாயே, வேண்டாம். இது குடற்புழு இல்லை. ஐமீரியா என்று கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி. குடல் சுவருக்குள்ளேயே புகுந்து பெருகி அதைக் கிழித்துக்கொண்டு வருகிறது. ரத்தம் அப்படித்தான் வருகிறது.

உனக்குத் தெரியாத ஒரு கதை சொல்கிறேன். நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது ஓர் ஐப்பசி மழையில் நம் கொட்டகைக் கூரை ஒழுகியது. 80 குஞ்சு விட்டிருந்தேன். ரத்தத்தைப் பார்த்ததும் பயந்துபோய் ஒரு மருந்துக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் ஆன்டிபயாடிக் பொடி கொடுத்தார். மூன்று நாள் கழித்து டாக்டரிடம் போனபோது ஆம்ப்ரோலியம் எழுதினார். நானோ குஞ்சுகள் வாடிக் கிடக்கின்றனவே என்று அதே தண்ணீரில் பி காம்ப்ளெக்ஸ் டானிக்கையும் கலந்துவிட்டேன். 31 குஞ்சு போச்சு. டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். ஆம்ப்ரோலியம் பி1 வைட்டமின் வேஷம் போட்டு ஒட்டுண்ணியை ஏமாற்றுகிற மருந்தாம். வேஷத்தை விழுங்கிவிட்டு அது பட்டினியில் சாகும். நான் நிஜ பி1-ஐயே ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்! அதனால் மருந்து முடிகிற வரை டானிக் பாட்டிலைத் தொடாதே. வைட்டமின் கே கொடுக்கலாம், ரத்தம் உறைய உதவும்.

எனக்கு எழுதிக் கொடுத்த அளவு இது: 20 சதவீதப் பொடி, லிட்டர் தண்ணீருக்கு 1.2 கிராம், 5 நாள். அப்புறம் அதில் கால் பங்கு, ஒரு வாரம். உன் கையில் இருப்பது எத்தனை சதவீதம் என்று அட்டையைப் பார்த்து, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கல. தினமும் காலையில் புதிதாகக் கலக்க வேண்டும். வேறு தண்ணீர் எங்கும் இருக்கக் கூடாது, நாய்க்கு வைத்த கிண்ணம் உட்பட. தலை தொங்கிக் கிடப்பவற்றைத் தனியே பிரித்து, அலகு ஓரமாக ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விடு.

சரி, மருந்து வேலையில் பாதிதான். மீதி தரையில் கிடக்கிறது. எச்சத்தோடு விழுகிற அந்த ஒட்டுண்ணியின் முட்டை விழுந்தவுடனே நோய் தராது. ஈரமும் கதகதப்பும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் தயாராகிவிடும். குஞ்சு அதைக் கொத்தித் தின்னும். ஒரு வாரத்தில் அந்தக் குஞ்சு மறுபடி லட்சக்கணக்கில் கழித்துப் போடும். பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் அதை ஒன்றும் செய்வதில்லை. கொதிக்கிற தண்ணீருக்கும், தரை நன்றாகக் காய்வதற்கும் அடங்கும்.

தரையில் பரப்பிய உமியை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார். விரலைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது. கொழுக்கட்டையாக நின்றால் அதுதான் உன் நோய். தண்ணீர்க் குடுவையைச் சுற்றி உள்ளதை இன்றைக்கே வாரிப் போட்டுவிட்டு, குடுவையைச் செங்கல் மேல் ஏற்றி வை. காலையும் மாலையும் உமியைக் கிளறி விடு. அப்புறம் 60 குஞ்சை நாலுக்கு நாலு அடியில் அடைத்தது தப்பு, கண்ணு. குறைந்தது இரட்டிப்பு இடம் வேண்டும்.

உன் அம்மாயி பஞ்சாரத்தில் கவிழ்த்து வளர்த்த காலத்தில் இவ்வளவு ரத்தம் பார்த்ததில்லையே என்று யோசித்திருக்கிறேன். தாய்க்கோழி பத்துக் குஞ்சோடு காடெல்லாம் மேயும். அங்கொன்று இங்கொன்றாகக் கிருமி உள்ளே போய், குடல் பழகி, எதிர்ப்பு வந்துவிடும். நாம் கூண்டில் அடைத்து மொத்தமாக ஊட்டுகிறோம். அம்மாயி மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுப்பார்தான். நீயும் கொடு, கெடுதல் இல்லை. ஆனால் ரத்தம் வந்த பிறகு அதை நம்பி உட்காராதே.

தப்பிப் பிழைக்கிற குஞ்சுக்கு இந்தக் கிருமியிடம் பெரும்பாலும் எதிர்ப்பு வந்துவிடும். கொஞ்ச நாள் மெலிந்துதான் நிற்கும், விற்றுத் தொலைக்காதே.

சனிக்கிழமை மாப்பிள்ளை இந்தப் பக்கம் வருகிறார் என்றாயே, அவரிடம் காய்ந்த உமி இரண்டு மூட்டை கொடுத்து விடுகிறேன். பழைய உமியைத் தென்னைக்குப் போட்டுக்கொள், கோழி மேயாத மரமாகப் பார்த்து. நாளைக் காலை எச்சத்தைப் படம் எடுத்து அனுப்பு. அப்பா சாப்பிடும் நேரத்தில் மட்டும் அனுப்பாதே.

அன்புடன்,
அம்மா