கண்டல் காட்டின் பெறுமதியை யாரிடம், எப்படிக் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு வாவியோரக் கண்டல் காட்டின் பெறுமதியை வீடு வீடாகக் கேட்டுக் கணக்கிடும்போது, பாதி விடை கேள்வியிலேயே இருக்கிறது. "இதைப் பாதுகாக்க மாதம் எவ்வளவு தருவீர்கள்?" என்றால், காடு தன்னுடையதல்ல என்று மீனவர் ஒப்புக்கொண்டதாகிவிடும். "இதை வெட்டவிட எவ்வளவு நட்டஈடு வேண்டும்?" என்றால் உரிமை அவர் பக்கம், தொகையும் ஏறும்.

எக்சன் வால்டெஸ் கப்பலின் எண்ணெய்க் கசிவுக்குப் பின், பொருளியலாளர்கள் கெனத் அரோ, ரொபர்ட் சோலோ தலைமையிலான அமெரிக்க நிபுணர் குழு 1993இல் முதற்கேள்வியையே பரிந்துரைத்தது. தொகை மிகைப்படக் கூடாதென்பது அவர்கள் கவலை. ஆனால் அப்படி ஏன் சொன்னீர்கள் என்றும் கேட்கச் சொன்னார்கள். இதை விட்டால் கணக்கே கெட்டுவிடும். உதாரணமாக 100 வீடுகளில் 60 வீடு மாதம் 100 ரூபாய் தரும், 40 வீடு ஒன்றும் தராது என்று வைப்போம். சராசரி 60 ரூபாய். அந்த 40இல் 30 வீட்டார் "வெட்டினவன் கட்டட்டும்" என்று மறுத்தவர்களானால், அது பூச்சியமல்ல, எதிர்ப்பு. அவர்களைப் புறம்பாக வைத்தால் சராசரி ஏறக்குறைய 86 ரூபாய். புறம்பாக்கியதையும் அறிக்கையில் எழுத வேண்டும்.

மாரியில் தொழில் படுத்த வீட்டுக்கு 100 ரூபாயும் பாரம்தான். அதே வீட்டார் கன்று நடச் சிரமதானத்துக்கு வருவார்கள். எனவே எத்தனை நாள் வருவீர்கள் என்றும் கேட்டு, கூலியால் பெருக்க வேண்டும். தொழிலில்லாத நாளுக்கு முழுக்கூலி போட்டால் தொகை வீங்கிவிடும், கவனம்.

எங்கள் பகுதியில் வீடும் வளவும் பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகின்றன. காடு போய் வெள்ளம் ஏறினால் அழிவது அவளுடைய வளவு. படிவமோ "குடும்பத் தலைவர்" என்று கணவரைத் தேடுகிறது. இது பெரிய அநியாயம். மனைவியைத் தனியாக, கணவர் பக்கத்தில் இல்லாதபோது கேட்க வேண்டும்.

தேசிய சுற்றாடல் சட்டப்படி, ஒரு திட்டத்துக்கான சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் செலவு-நன்மைப் பகுப்பாய்வு கட்டாயமில்லை. தயாரித்திருந்தால் சேர்த்தால் போதும். அந்த ஓட்டையால்தான் களப்பின் பெறுமதி கணக்கில் வராமலே போகக்கூடும். அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் 30 நாட்களுக்குள் மீனவர் சங்கங்கள் எழுத்தில் கேட்கட்டும்: பகுப்பாய்வு உண்டா, எந்தக் கேள்வி கேட்கப்பட்டது, பூச்சியங்களை என்ன செய்தார்கள், விடை சொன்னவர்களில் பெண்கள் எத்தனை பேர்?

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
மட்டக்களப்பு