‘ழ’ அடித்தால் தேடலுக்கு ஓடும் திருத்தப் பெட்டி: மீண்டும் புகார்

அனுப்புநர்: உரிமையாளர், டி.டி.பி. மையம், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.
பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

வணக்கம். உங்கள் இணையதளத்தில், அச்சுக்கு முன் பிழை திருத்தும் ப்ரூஃப் பக்கத்தின் திருத்தப் பெட்டி பற்றி நான் கொடுத்த புகாரை ‘தீர்க்கப்பட்டது’ என்று போட்டு நீங்களே மூடிவிட்டீர்கள். எதுவும் தீரவில்லை.

தமிழ்99 விசைப்பலகையில் ‘ழ’ இருப்பது ‘/’ விசையில். அதே விசையைத் தேடலுக்குக் குறுக்குவழியாக வைத்திருக்கிறீர்கள். ‘அழைப்பிதழ்’ என்று அடித்தால் ‘அ’ மட்டும் திருத்தத்தில் நிற்கிறது. ‘ழ’ காணாமல் போய், மிச்சம் ‘ஐப்பிதழ்’ என்று தேடல் கட்டத்தில் விழுகிறது. திரையைப் பார்க்காமல் எண்டர் தட்டினால் பக்கமே மாறி, எழுதிய திருத்தம் அத்தனையும் போச்சு.

இதற்கு உங்கள் ஆட்கள் கண்டுபிடித்த காரணம், கீபோர்டு கோளாறு! புதுச்சேரிக் கிளைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். கீபோர்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனால், கவுண்டரில் இருந்தவர் ஏ, பி, சி, டி தட்டிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே இருக்கு, இங்கிலீஷ்லயே அடிச்சிட்டுப் போங்களேன்” என்றார், தலை நிமிராமல். தமிழ்க் கல்யாணப் பத்திரிகையை இங்கிலீஷில் எப்படித் திருத்துவது என்று அவரையே எனக்குப் பாடம் எடுக்கச் சொல்லுங்கள்.

கோளாறு உங்கள் நிரலில். குறுக்குவழி பாயக்கூடாத இடங்களாக இன்புட், டெக்ஸ்ட்ஏரியா என்ற இரண்டு வழக்கமான எழுதும் கட்டங்களை மட்டும் விலக்கியிருக்கிறீர்கள். திருத்தப் பெட்டியோ கன்டென்ட்எடிட்டபிள் டிவ் என்ற வேறு வகை, அது அந்த விலக்கில் வராது. போதாததற்கு, விழுகிற எழுத்தைச் சொல்லும் ஈவென்ட்.கீ-யைப் பார்க்காமல், எந்த விசை என்று சொல்லும் ஈவென்ட்.கோட்-ஐப் பார்க்கிறீர்கள், விழுகிற எழுத்து எதுவானாலும் விசையின் இடம்தான் கணக்கு. இங்கிலீஷில் அடிப்பவர்க்கு எப்போதாவதுதான் அந்த விசை தேவை, அதனால் உங்கள் சோதனையில் சிக்கியிருக்காது. ஒற்றை எழுத்துக் குறுக்குவழியை அணைக்கவோ மாற்றவோ வழி வேண்டும், அல்லது கர்சர் உரிய இடத்தில் இருக்கும்போது மட்டும் அது இயங்க வேண்டும் என்று இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் நெறி 2.1.4 சொல்கிறது. 2018-இல் வந்த நெறி அது.

ஒலிபெயர்ப்பில், அதாவது இங்கிலீஷ் எழுத்தில் தட்டித் தமிழ் வரவழைத்து, அடிப்பவர் கதியும் இதேதான். பரிந்துரைப் பட்டியலில் சொல்லைத் தேர்ந்தெடுக்க எண்டர் தட்டினால் அரைகுறைத் திருத்தம் அச்சகத்துக்குப் போய்விடுகிறது. சொல் இன்னும் முடியவில்லை என்று இஸ்கம்போசிங் என்ற குறிப்பு மூலம் பிரவுசர் சொல்கிறது, நீங்கள் கேட்பதில்லை. அனுப்புவதற்குக் கண்ட்ரோல்+எண்டர் வையுங்கள். பட்டியலை மூட எஸ்கேப் தட்டினால் பெட்டியே மூடிக்கொள்வதையும் நிறுத்துங்கள். எழுத்து வரம்பிலும் கோளாறு: ‘புதுச்சேரி’ 5 எழுத்து, யூனிகோடில் 10 குறியீடு, யுடிஎஃப்-8-இல் 30 பைட். வரம்பிலிருந்து 5 கழிக்காமல் 30 கழிக்கிறது உங்கள் கணக்கு.

‘உளவர்கரை’ என்றிருந்த ஊர்ப் பெயரை ‘உழவர்கரை’ ஆக்கிய திருத்தம் போய்ச் சேராமல் 500 பத்திரிகை பிழையோடு அச்சாகி, மறு அச்சு என் தலையில். இந்த முகூர்த்த சீசனே நாசம். அந்தக் கவுண்டர்காரர் வந்து ஈடு கட்டுவாரா?

தயவுசெய்து 15 நாளுக்குள் சரிசெய்து, மீதிச் சந்தாவையும் மறு அச்சுச் செலவையும் திருப்பித் தாருங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டு, கடலூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் இருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.

பதிலை மின்னஞ்சலில் அனுப்புங்கள். கிளைக்கு வரச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
உரிமையாளர்