கேம்பர் வேன் எஞ்சின் பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரமாக ஹட்டனில் ஒரு வொய்ஸ் மெசேஜ் சுற்றுகிறது, நீங்களும் கேட்டிருப்பீர்கள். டர்போ எஞ்சினுக்குக் காசு வாங்கிவிட்டு ஏதோ பழைய எஞ்சினைக் கட்டிக் கொடுத்தோமாம். அதைக் கேட்டு இரண்டு பேர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டோம். ஆனால் "கள்ளத் தொழில்" என்ற அந்தச் சொல்தான் நெஞ்சில் நிற்கிறது. எஸ்டேட் லொறிகளோடு அப்பா தொடங்கிய கராஜ் இது.

நடந்தது இதுதான். ரம்பொடை ஏற்றத்தில் கொதித்து நின்ற டொல்பின் ஹையேஸ் கேம்பர் வேன் அது, 3எல் எஞ்சின் (லீட்டர் அல்ல, டொயோட்டா டீசல் எஞ்சினின் பெயர்). ஒயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் தேத்தண்ணி நிறத்தில் நுரை, ஒயிலில் தண்ணீர் கலந்த அடையாளம். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றினோம், இரண்டு வால்வுக்கு நடுவே வெடிப்பு, நகத்தால் தடவினாலே தட்டுப்பட்டது. உரிமையாளரும் தடவிப் பார்த்தார்.

அவர் கேட்டது 1கேஇசட் டர்போ. நல்ல எஞ்சின்தான், டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் மலையில் இழுவை அவ்வளவு குறையாது. 1000 மீட்டர் ஏறினால் டர்போ இல்லாத எஞ்சினின் இழுவையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும், நுவரெலியாவோ 1868 மீட்டர். ஆனால் அதைப் போட கம்ப்யூட்டர் பெட்டி, வயரிங், பெரிய ரேடியேட்டர் எல்லாம் வேண்டும், கட்டிலும் தண்ணீர்த் தாங்கியும் கேஸ் அடுப்பும் ஏற்றிய வேனில் அது ஒரு தடவை கொதித்தாலே ஹெட்டுக்கு ஆபத்து. அதனால்தான் 5எல் போடச் சொன்னோம். 2986 சீசீ, முன்பிருந்ததைவிட 200 சீசீக்கு மேல் கூட, அதே குடும்பத்து எஞ்சின், வழியில் நின்றாலும் எந்த ஊர் மெக்கானிக் பாஸும் கை வைப்பார். அவர் சரி என்ற பிறகுதான் வேலையைத் தொடங்கினோம், மிச்சக் காசையும் கையில் கொடுத்தோம். எழுதி வாங்காதது எங்கள் பிழை, அதற்கு மன்னிப்புக் கேட்கிறோம்.

பழையது என்கிறார்கள். ஜப்பானில் ஓடி இறக்கிய எஞ்சின்களைத்தான் இங்கே எல்லோரும் போடுகிறோம். நாலு சிலிண்டரிலும் கம்பிரஷன் (உள்ளே காற்று அமுங்கும் அழுத்தம்) பார்த்து, உங்கள் கண்முன்னே ஸ்டார்ட் செய்து காட்டாமல் ஒன்றைக்கூட நாங்கள் ஏற்றியதில்லை.

இந்த நாட்களில் கூட நின்றவர்களை மறக்க மாட்டோம். நோர்வூட்டில் பாடசாலை வேன் ஓட்டும் அண்ணா ஒருவர், மூன்று வருடத்துக்கு முன் நாங்கள் 5எல் போட்ட வண்டி, "தம்பி, சந்தேகப்படுகிறவங்களை இதில ஏற்றிக் காட்டு" என்று சாவியைக் கையில் வைத்துவிட்டுப் போனார். மிக்க நன்றி அண்ணா.

நம் மூத்த பாஸ் கட்டாருக்குப் போய்விட்டதால் எஞ்சின் வேலைக்குக் கொஞ்சம் நாள் எடுக்கும், கூலியும் சற்றுக் கூடும், உத்தரவாதம் இனி 3 மாதம். அப்புறம், வரும்போது பதிவுப் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள், அதில் எஞ்சின் நம்பரை மாற்றிப் பதியத் தேவையான பற்றுச்சீட்டை அன்றே தருகிறோம்.