காயக்கட்டுப் பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவமனைகளில் டிரெஸ்ஸிங் பொருள்களை ஒப்பிட்டுப் பார்த்து வாங்கும் குழுக்களில் இடம்பெற்றிருக்கும் அறுவை மருத்துவர்களுக்கும் கொள்முதல் அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் காயங்களுக்குக் கட்டு மாற்றும் செவிலியர். நீங்கள் கையெழுத்திட்டு வாங்கும் பொருளை ஒட்டுவதும் நான்தான், பிறகு உரித்து எடுப்பதும் நான்தான். உரிக்கும்போது நோயாளி போடும் சத்தம் உங்கள் கூட்ட அறை வரை வருவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

எந்த டிரெஸ்ஸிங் சிறந்தது என்று கேட்டுத்தான் உங்கள் ஒப்பீடு தொடங்குகிறது. எந்தக் காயத்துக்கு என்று யாரும் கேட்பதில்லை. விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தையல் போட்டு மூடிய காயம் ஒன்று. தையல் விட்டுப்போனதாலோ, சீழை வெளியேற்றுவதற்காகத் திறந்தே விட்டதாலோ, அடியிலிருந்து சதை வளர்ந்து ஆற வேண்டிய காயம் இன்னொன்று. கோப்பில் இரண்டுக்கும் அறுவைக் காயம் என்றே பெயர். கட்டு மாற்றுகிறவளுக்கு இரண்டும் வேறு வேறு வேலை.

மூடிய காயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் சொல்ல அதிகம் இல்லை. சேர்த்துத் தைத்த விளிம்புகளின் மேல் ஓரிரு நாளில் புதுத் தோலணுக்கள் படர்ந்து வாயை அடைத்துவிடுகின்றன. அதுவரை ஆடை உராயாமல், கை படாமல், கசியும் சிறிதளவு ரத்தத்தை உறிஞ்சிக்கொள்ள ஒரு துண்டு போதும். 2016-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 29 ஆய்வுகளை, மொத்தம் 5,718 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்து அலசியது. தொற்றைத் தடுப்பதில் ஒரு டிரெஸ்ஸிங் இன்னொன்றைவிட மேல் என்றோ, கட்டே போடாமல் விடுவதைவிடக் கட்டுவது மேல் என்றோ தெளிவாகக் காட்ட முடியவில்லை. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும், மூடிய காயத்துக்குச் சாதாரணக் கட்டுக்குப் பதிலாக உயர்வகைக் கட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. அந்த ஆய்வுகளில் பல சிறியவை, தரம் குறைந்தவை என்பது உண்மை. ஆனால் நிரூபணம் பலவீனமாக இருக்கும்போது விலை உயர்ந்ததை வாங்கு என்று எந்தக் கணக்கு சொல்கிறது? கிருமியைக் கொல்வதற்கென வெள்ளி கலந்த கட்டைச் சுத்தமான, மூடிய தையலின் மேல் ஒட்டச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு இந்தக் கேள்வி வருகிறது.

மூடிய காயத்தில் நான் கவனிப்பது காயத்தையே அல்ல, அதைச் சுற்றியுள்ள தோலை. மூட்டு அறுவைக்குப் பிறகு கால் வீங்குகிறது. அதன் மேல் இழுத்து ஒட்டிய பிளாஸ்டர் நீளாது. ஓரங்களில் கொப்புளம் கிளம்புகிறது. வயதானவர்களின் தோலோ பசையோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. தையல் ஆறிவிடும், பிளாஸ்டர் கிழித்த புண் ஆறாமல் நிற்கும். இந்த இடத்தில், நீண்டு கொடுக்கும் படலத்துக்கும் சிலிகோன் ஒட்டுப் பரப்புக்கும் கூடுதலாகச் செலவழியுங்கள், நான் குறை சொல்ல மாட்டேன்.

இனி திறந்த காயம். நீங்கள் கஞ்சத்தனம் காட்டுவது இங்கேதான்.

இங்கே இன்றும் கோலோச்சுவது காஸ் (gauze) என்னும் மெல்லிய வலைத் துணி. சலைன் என்னும் உப்புநீரில் நனைத்துக் குழிக்குள் திணித்து, காய்ந்த பிறகு பிடுங்குவது வழக்கம். செத்த திசு துணியோடு ஒட்டி வந்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். வரும்தான். அதோடு நேற்று முளைத்த சிவந்த சதையும் வரும், அதிலிருந்து ரத்தம் கசியும், துணியின் நூலிழை உள்ளே தங்கும். செத்தது எது, பிறந்தது எது என்று துணிக்குத் தெரியாது. திணித்த துண்டுகளை எண்ணி எழுதாமல் விட்ட குழிக்குள்ளிருந்து, யாரும் கணக்கில் வைக்காத ஒரு துண்டை நானே எடுத்திருக்கிறேன்.

இதற்கு மாற்றுகள் ஏராளம். அவற்றை ஒரே வரிசையில் நிறுத்தி மதிப்பெண் போடாதீர்கள். ஒவ்வொன்றும் ஈரத்தைக் கையாளும் விதம் வேறு. ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. அதிலுள்ள கால்சியம் காயக் கசிவிலுள்ள சோடியத்தோடு இடம் மாறும்போது நார் கூழாகிறது. அதனால் நன்றாகக் கசியும் குழிக்கு ஏற்றது. கசிவே இல்லாத காயத்தில் அதை வைத்தால் கூழாகாது, காய்ந்து ஒட்டிக்கொள்ளும், காஸுக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காது. பஞ்சு போன்ற பாலியூரித்தேன் நுரைக்கட்டு (foam) உறிஞ்சும், மெத்தை போலவும் இருக்கும். ஹைட்ரோஜெல் பெரும்பாலும் தண்ணீர்தான். வறண்ட காயத்துக்கு ஈரம் கொடுக்கும், ஏற்கெனவே நனைந்து கிடக்கும் காயத்தில் வைத்தால் சுற்றுத் தோல் ஊறி வெளுத்துவிடும். தேனை நாட்டு வைத்தியம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: தொற்றுள்ள அறுவைக் காயங்கள், கிருமிநாசினியும் காஸும் வைத்ததைவிடத் தேனில் விரைவாக ஆறியதாகக் காக்ரேன் அலசல் ஒன்றே சொல்கிறது. நான் சொல்வது நுண்ணுயிர் நீக்கிய மருத்துவத் தேனை; சமையலறைப் புட்டியை அல்ல.

விற்பனைப் பிரதிநிதிகள் உங்கள் முன் விரிக்கும் தாள்களில் 1962 என்ற ஆண்டு தவறாமல் இருக்கும். ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் அந்த ஆண்டு நேச்சர் அறிவியல் இதழில், பாலித்தீன் படலத்தால் மூடி ஈரமாக வைத்த காயங்களில், காற்றில் காயவிட்டவற்றைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் புதுத்தோல் படர்ந்ததைக் காட்டினார். பொருக்குக் கட்டினால்தான் புண் ஆறும் என்ற பழைய நம்பிக்கையை அசைத்த ஆய்வு அது. அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவை பன்றியின் தோலில் செய்த மேலோட்டமான காயங்கள். விரல் நுழையும் ஆழமுள்ள வயிற்றுக் குழிக்கு அந்த இரு மடங்கை அப்படியே எடுத்துச் செல்வது விற்பனையாளரின் வேலை. உங்களுடையது அல்ல.

ஆகவே நவீனக் கட்டு காயத்தைச் சீக்கிரம் ஆற்றிவிடும் என்று நான் வாதாடப் போவதில்லை. திறந்த அறுவைக் காயங்களைப் பற்றி 2004-இல் வந்த காக்ரேன் அலசலும், ஆறும் வேகத்தில் எது முந்துகிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது. ஆனால் அதே அலசலில் இன்னொன்றும் இருக்கிறது: காஸ் அதிக வலி தருகிறது, நுரைக்கட்டில் வலி குறைவு, நோயாளியின் மனநிறைவு அதிகம், செவிலியரின் நேரமும் மிச்சம். ஆறும் நாள்களை மட்டும் ஒப்பிட்டுச் சமநிலை என்று அறிவிக்கும்போது, இந்தப் பக்கத்தை நீங்கள் புரட்டாமலே விட்டுவிடுகிறீர்கள்.

காயத்தில் நுரை வைத்து மூடி, காற்றழுத்தம் குறைத்துக் கசிவை உறிஞ்சும் கருவி பற்றியும் கேட்பீர்கள். ஆர்ஜெண்டா, மோரிக்வாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1997-இல் விவரித்த முறை, வழக்கமாக 125 மில்லிமீட்டர் பாதரச அளவில் இழுக்கும். குடம் குடமாக வடியும் காயத்தில் அது படுக்கை விரிப்பையும் என் முதுகையும் காப்பாற்றியிருக்கிறது. எல்லாத் திறந்த காயத்துக்கும் அதை மாட்டச் சொல்லும் ஆர்வம் மட்டும் எனக்கு இல்லை. ரத்தக்குழாயோ குடலோ வெளியே தெரியும் இடத்தில் நுரையை நேராக வைத்து இழுப்பது ஆபத்து.

விலைக்கு வருகிறேன். காஸ் துண்டு மலிவு, ஒத்துக்கொள்கிறேன். நாளுக்கு இரண்டு மூன்று முறை மாற்றும்போது அதோடு கையுறை, சலைன், நுண்ணுயிர் நீக்கிய கருவித் தட்டு, கட்டு பிரிப்பதற்கு முன்பு கொடுக்கும் வலி மருந்து, ஒரு செவிலியரின் அரைமணி நேரம் எல்லாம் சேர்கின்றன. நுரையோ ஆல்ஜினேட்டோ கசிவைப் பொறுத்து இரண்டு மூன்று நாள்கூடத் தாங்கும். உங்கள் ஒப்பீட்டுப் பட்டியலில் ஒரு துண்டின் விலைக்கு மட்டும்தான் கட்டம் இருக்கிறது. ஒரு வாரத்தின் விலைக்கு இல்லை.

அடுத்த கொள்முதலுக்கு முன் ஒன்று செய்து பாருங்கள். மூடிய காயங்களுக்கான உயர்வகைக் கட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, அந்தப் பணத்தைத் திறந்த காயங்களின் பக்கம் திருப்புங்கள். அங்கே ஒவ்வொரு படுக்கையிலும் ஒரு தாள் மாட்டுகிறேன்: கட்டு எத்தனை முறை மாற்றப்பட்டது, எத்தனை நிமிடம் ஆனது, உரிக்கும்போது பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி என்று நோயாளி சொன்னார், குழிக்குள் எத்தனை துண்டு வைத்து எத்தனை எடுத்தோம். நிரப்புவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். உங்கள் கூட்டத்தில் அந்தத் தாள்களை விரித்து வைக்க மேசையில் கொஞ்சம் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
கட்டு மாற்றும் அறையிலிருந்து ஒரு செவிலியர்