அப்பாவுக்கு, ஹாம்பர்கிலிருந்து

ஹாம்பர்க்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

இங்கே குளிர் வந்துவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. அப்புறம் வீட்டுக்குள்தான். இந்த ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு கைவேலை வைத்திருக்கிறார்கள்; நானும் மாடல் கப்பல் கட்ட ஆரம்பித்திருக்கிறேன். எந்தக் கப்பல் என்று நினைக்கிறீர்கள்? முதல் உலகப்போரில் சென்னைமேல் குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல், நம்ம எம்டன்தான்! ரெவல் கம்பெனி பெட்டி, 1/350 அளவு. 118 மீட்டர் கப்பல் ஒன்றரைச் சாணுக்குள் அடங்கிவிட்டது.

இங்கே மாடல் கட்டுகிறவர்கள் மாதம் ஒருமுறை கூடுவார்கள், பெரும்பாலும் பென்ஷன் வாங்கும் தாத்தாக்கள். சென்னைக்காரன் எம்டன் கட்டுகிறான் என்றதும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஆனால் நிறத்தில் தகராறு. சீனாவில் சிங்தாவ் துறைமுகத்தில் நின்றபோது அது வெள்ளைக் கப்பல், புகைபோக்கி இளமஞ்சள். அந்த அழகில்தான் கட்ட வேண்டும் என்கிறார்கள். 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னையில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்கிகளைக் கொளுத்தியது போருக்காகச் சாம்பல் பூசிக்கொண்ட கப்பல் அல்லவா? நான் சாம்பல்தான் என்று சொல்லிவிட்டேன்.

அந்தச் சாம்பலிலும் நுணுக்கம் இருக்கிறது. டப்பாவில் உள்ளதை அப்படியே அடித்தால் இத்தனை சின்ன உருவத்தில் கறுத்துப் போகும். தூரத்துக் கப்பல் வெளிறித்தானே தெரியும்? அதனால் கொஞ்சம் வெள்ளை கலந்து, ஏர்பிரஷ்ஷில் மெல்லிசாக, ஒரு பூச்சு காய்ந்தபின் அடுத்த பூச்சு. ஞாயிற்றுக்கிழமை அதுவும் முடியாது. இங்கே அன்று சத்தம் போடக்கூடாது. ஏர்பிரஷ்ஷுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை ஓட்டினால் கீழ்வீட்டு அம்மாள் படியேறி வந்துவிடுவார். இன்று தூரிகை வேலை மட்டும்.

நீர்த்த எண்ணெய்ச் சாயத்தில் துருக்கறை இழுத்துக்கொண்டிருந்தேன். நடுக்கடலில் கரிக்கப்பலை ஒட்டி நின்று கரி ஏற்றிய கப்பல், பக்கமெல்லாம் உரசியிருக்கும். அதற்காகச் சிலர் காயலான்கடை இரும்பு மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கரி எரித்த கப்பலுக்குப் புகைபோக்கி வாயில் கரி படிந்தால் போதும். தளத்தைச் சுற்றியுள்ள கைப்பிடிக் கம்பிகள் பித்தளைத் தகட்டில் வந்தவை, இடுக்கியால்தான் எடுத்து ஒட்ட வேண்டும். கம்பியில்லாத் தந்திக்கான வயர்களுக்கு, மீந்த பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்தியில் காட்டி இழுத்தால் இழை வருகிறது.

எம்டனுக்குப் புகைபோக்கி மூன்றுதான். பினாங்கில் புகுந்தபோது இங்கிலீஷ்காரன் கப்பல் மாதிரி தெரியப் பொய்யாக நாலாவது ஒன்று நிறுத்தினார்களே, அதையும் செய்துவிட்டேன். ஆனால் ஒட்டவில்லை; வேண்டும்போது வைத்துப் பார்க்கலாம்.

ஐகோர்ட் பக்கம் போனால் சுவரில் உள்ள எம்டன் கல்வெட்டை நேராக ஒரு போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புங்கள். எழுத்து தெளிவாக விழ வேண்டும். சின்னதாக அச்சடித்துக் கப்பல் பீடத்தில் ஒட்டப்போகிறேன். வெயிலில் போகாதீர்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்