விட்ரூவியஸின் கலவைக் கணக்கு

ஆசிரியருக்கு,

லத்தீன் இனி எதற்கு என்போர், பண்டைய ரோமானியப் பொறியாளர் விட்ரூவியஸ் லத்தீனில் எழுதிய கட்டடக்கலை நூலைப் புரட்டட்டும். சுண்ணாம்பு ஒரு பங்குக்குக் குழிமணல் மூன்று. ஆற்று மணல், கடல் மணல் என்றால் இரண்டுதான். அதனுடன் சலித்த ஓட்டுத்தூள் (நம் கொத்தனார்களின் சுர்க்கி) மூன்றில் ஒரு பங்கு சேர்ந்தால் கலவை மேம்படும். கடல் மணலில் உப்பு பூத்துப் பூச்சு உதிரும் என்றும் எச்சரிக்கிறார். நீருக்கடியில் கட்ட, எரிமலைச் சாம்பல் இரண்டு, சுண்ணாம்பு ஒன்று.

இத்தாலியில் பிரிவெர்னம் என்னும் பழைய ரோமானிய நகரின் சுவரை ஆராய்ந்து 2023இல் வந்த ஆய்வு, ரோமானியர்கள் நீற்றாத சுண்ணாம்பையே சூடு பறக்கக் கலந்திருக்கிறார்கள் என்கிறது. கலவையில் தங்கிய சுண்ணாம்புக் கட்டிகள், விரிசலில் நீர் புகுந்ததும் கரைந்து, கால்சைட் என்னும் கனிமமாகப் படிந்து அடைக்கின்றன. உள்ளே கம்பி இல்லாததால் துருவேறி வெடிக்கவும் வழியில்லை. பலமாடிக் கட்டடத்துக்குக் கம்பியில்லாத அந்தக் கலவை போதாது என்பது வேறு விஷயம்.

– கட்டடப் பொறியாளர், திருச்சி